ஆசைப்படுவதற்கும் காசா?

“ஆசைப்படுறதுக்குக் காசா பணமா, அண்ணே? வாங்கவா செஞ்சேன்? சும்மா சேர்த்துதானே வச்சிருக்கேன்.”

தீபாவளி முடிந்த வாரம் என் தங்கை கேட்ட கேள்வி இது. வீட்டில் முறுக்கு டின் இன்னும் காலியாகவில்லை, அதற்குள் 11.11 மலிவு விற்பனை விளம்பரங்கள் வந்துவிட்டன. ஷோப்பியில் இதயம் போட்டு வைத்தவை ஒரு பக்கம், லஸாடாவில் ஒரு பக்கம், ஸலோராவில் ஒரு பக்கம். “இதையெல்லாம் ஒரே இடத்துல அடுக்க ஏதாச்சும் செயலி இருக்கா?” என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள். நான் வழக்கம்போல அறிவுரையை ஆரம்பித்தேன். அதற்குக் கிடைத்த பதிலடிதான் மேலே இருப்பது.

யோசித்தால் அவள் கேட்டது நியாயம்தான். திருடவில்லை, கடன் வாங்கவில்லை, ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை. மனசில் இருப்பதைப் பட்டியல் போட்டு வைப்பதில் என்ன தப்பு? எனக்கு உடனே பதில் வரவில்லை. சரி, முதலில் செயலியைத் தேடுவோம் என்று உட்கார்ந்தேன்.

செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. இணைய உலாவியில் சின்னப் பொத்தானாக ஒட்டிக்கொள்ளும் வகை ஒன்று. எந்தக் கடையின் பக்கத்தில் இருந்தாலும் அதைத் தட்டினால் போதும், பொருளின் படம், பெயர், விலை எல்லாவற்றையும் எடுத்து உங்கள் பட்டியலில் போட்டுவிடும். விலை இறங்கினால் மணி அடிக்கும். அதில் ஒன்றின் பெயரே ‘கர்மா’. (நம்மைக் கேட்காமலே வைத்துவிட்டார்கள்!) கிஃப்ட்ஸ்டர் போன்றவை வேறு வகை. குடும்பத்தில் ஆளுக்கொரு பட்டியல் போடலாம். உங்கள் பட்டியலில் உள்ளதை அக்கா வாங்கிவிட்டால் அது மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. இதெல்லாம் வேண்டாம் என்றால் கூகள் ஷீட்ஸில் நாமே கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

தங்கைக்குச் சொல்லும் முன் நானே ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். நான்கு கடைகளில் சிதறிக் கிடந்த என் ஆசைகளை ஒன்றாகச் சேர்த்தால் 41 பொருள்கள். அறிவுரை சொல்லும் தகுதி அங்கேயே போய்விட்டது. அதிலும் ஒரே சப்பாத்து, ஓடுவதற்கானது, மூன்று கடைகளில் மூன்று விலையில் இருந்தது: 289 வெள்ளி, 265 வெள்ளி, 249 வெள்ளி. கடைசியில் சொன்னதற்கு அனுப்பும் செலவு தனி. ஐந்து மாதமாக ராத்திரி படுக்கையில் இந்த மூன்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை நாள் ஓடினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ‘இது எனக்கு வேண்டுமா?’ என்று நான் கேட்கவே இல்லை. ‘எங்கே மலிவு?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த இரண்டாவது கேள்வி கெட்டிக்காரத்தனமான கேள்வி. கேட்கக் கேட்க நாம் பெரிய சிக்கனக்காரர் என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியே தொடங்குகிறது. பல கடைகளை ஒரே திரையில் அடுக்கித் தரும் கருவி இந்த ஏமாற்றத்தை இன்னும் வசதியாக்கித் தருகிறது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் இலவசம். அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? அதன் வழியாகப் போய் நீங்கள் பொருள் வாங்கினால் கடை அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. பலருக்கும் வருமானம் இதுதான். கழிவுக் குறியீடு தேடித் தரும், விலை இறங்கினால் சொல்லும் ‘ஹனி’ என்ற இலவசக் கருவியை 2020-இல் பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நாம் ஒரு காசும் கொடுக்காத பொருளுக்கு அவ்வளவு விலை! தரகர் என்றாலே கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. வீடு வாங்கும்போதும் தரகர் இருக்கிறார். ஆனால் ‘இந்த வீட்டை வாங்கலாமா, வேண்டாமா?’ என்று அவரிடமே போய் யாரும் யோசனை கேட்பதில்லையே.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரிசை வரும். சமய வகுப்பில் பலரும் படித்ததுதான். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம் என்று போகும். இந்த முறை அதைப் புரட்டியபோது, வரிசை ஆசையில் தொடங்கவில்லை, நினைத்துக்கொண்டே இருப்பதில் தொடங்குகிறது என்பது கண்ணில் பட்டது. பொருளை வாங்குவது என்பது அந்த வரிசையிலேயே இல்லை. தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருந்தது. எனக்குக் காசு செலவாகவில்லை, ஐந்து மாத ராத்திரிகள் செலவாகியிருக்கின்றன.

அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “எழுதி வச்சதாலதான் வாங்காம இருக்கேன். மனசுலயே ஓடிக்கிட்டு இருந்திருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன்” என்றாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்து அவள் நீக்கியவை மட்டும் 12. அதுவும் உண்மைதான். ஆசையே கூடாது என்று மேடையில் பேசுவது சுலபம். இறங்கியதும் புதுக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வோம். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்பதில் மாட்டிக்கொண்டு சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பட்டியலில் போட்டுக் காத்திருக்கும் என் தங்கை அவர்களைவிட எவ்வளவோ மேல்.

அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்து மளிகைக் கடையில் அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் எழுதியதெல்லாம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்ட பொருள்: அரிசி, மண்ணெண்ணெய், பால் டின். சம்பள நாளில் கணக்கை முடித்துக் கோடு போடுவார்கள். ஆசையை எழுதப் புத்தகம் கிடையாது. சைக்கிள் வேண்டுமென்றால் தாத்தாவிடம் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டும். “கேக்கவே நாலு நாள் தைரியம் சேர்க்கணும். அதுக்குள்ள பாதி ஆசை போயிடும்” என்று அப்பா சிரிப்பார். அந்தக் காலம் உயர்ந்தது என்றெல்லாம் இல்லை. அந்தச் சைக்கிள் கடைசி வரை கிடைக்கவில்லை என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் ஆசையைக் கேட்டுவிட்டு “எதுக்கு?” என்று திருப்பிக் கேட்க அப்போது வீட்டில் ஓர் ஆள் இருந்தார். என்னுடைய 41 பொருள்களில் ஒன்றைப் பற்றியும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அதனால் மணி அடிக்கும் செயலிகளை விட்டுவிட்டு, கூகள் ஷீட்ஸில் நாங்களே ஒன்று போட்டோம். பொருள், கடைவாரியாக விலை, சேர்த்த தேதி, கடைசியில் ‘எதுக்கு’ என்று ஒரு கட்டம். வீட்டில் நாலு பேரும் திறந்து பார்க்கலாம். சப்பாத்துக்கு நேரே ‘ஓட’ என்று எழுதினேன். அப்பா பார்ப்பாரே என்று அழித்துவிட்டேன். இன்னும் அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது.

அம்மாவின் வரிசை முழுவதும் காலி. தங்கை போய்க் கேட்டாள். “எனக்கென்ன, ஒன்னும் வேணாம்.” கொஞ்ச நேரம் கழித்துக் குசினியிலிருந்து குரல் வந்தது: “அந்த கிரைண்டர் பெல்ட் நாலு மாசமா வழுக்குது. தீபாவளிக்குக்கூட கையால தள்ளித் தள்ளித்தான் உளுந்து அரைச்சேன்.”

தங்கை ஷோப்பியில் தேடினாள், லஸாடாவில் தேடினாள். அந்தப் பழைய மாடலுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. சனிக்கிழமை பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார்.

“இதையா இத்தனை நாள் வச்சு ஓட்டுனீங்க?” என்றார்.