கோயில் வாசலில் விடப்படும் உயிர்கள்

எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகின்றான் என்பது சைவ மக்களின் உறுதியான நம்பிக்கை. அதை நாவினால் சொல்வது எளிது. தோட்டப்பகுதிகளில் அதிகாலையில் நடை திறக்க வரும் பூசகர் சில நாட்களில் முதலில் காண்பது, வாசலில் வைக்கப்பட்ட ஓர் அட்டைப் பெட்டியை அல்லது வாய் கட்டிய உரப்பையை. உள்ளே இன்னும் கண் திறவாத நாய்க்குட்டிகள். அநேகமாகப் பெண் குட்டிகள். சில வேளை பூனைக்குட்டிகளும் உண்டு. அயலிலுள்ள விகாரைகளுக்கும் இதே தொல்லைதான். கொண்டுவந்து வைத்தவர் கொடியவர் அல்லர். ஆற்றில் வீச மனம் வராதவர், "சாமி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகின்றார்.

இது புண்ணியமா, பாவமா என்பதை அடியார்கள் சிந்திக்க வேண்டும்.

ஆலயத்துக்குக் காணிக்கை கொடுப்பவர் தம்மிடமுள்ளதில் நல்லதையே கொடுக்கின்றார். அழுகிய பழத்தை அருச்சனைத் தட்டில் எவரும் வைப்பதில்லை. வீட்டுக்கு வேண்டாததைக் கோயிலுக்குத் தள்ளிவிடுவது காணிக்கை ஆகாது. மேலும், அந்தக் குட்டியை உண்மையில் யார் பார்ப்பது? பூசகருக்கு ஆசாரம் உண்டு. மடைப்பள்ளிக்குள் நாய் நுழைந்தால் அவருக்குத்தான் சங்கடம். தாய்ப்பால் மறவாத குட்டிக்குப் பசும்பாலும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தால் வயிற்றோட்டம் கண்டு இறந்துவிடும். தப்பிப் பிழைத்தது வளர்ந்து, திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கடித்தால் அதன் கதை கல்லாலும் தடியாலும் முடியும். வைரவர் சந்நிதியில் நாய் வாகனத்துக்குப் பூச்சாத்துகின்றோம் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

அருச்சுனன் தபசு பார்த்து வளர்ந்த தோட்ட மக்களுக்குத் தருமர் புதியவரல்லர். துரோபதையும் தம்பியர் நால்வரும் வழியில் வீழ்ந்தபின், அவரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய். தேருடன் வந்த இந்திரன், நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு ஏறு என்கின்றான். நாயைக் கொல்லும்படி அவன் கேட்கவில்லை, விட்டுவிடத்தான் சொன்னான். தம்மை அண்டியதைக் கைவிடுவது பெரும் பாவங்களுக்கு நிகர் என்று சொல்லித் தருமர் சுவர்க்கத்தையே மறுத்தார். கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம் என்று ஆறுதல் கொள்பவர்கள் இந்தக் கதையை மறுபடியும் கேட்பது நல்லது.

முயல் விடயத்தில் அறியாமையும் சேர்ந்துகொள்கின்றது. பிள்ளையின் ஆசைக்காக ஒரு சோடி வெள்ளை முயல் வாங்குகின்றார்கள். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். குட்டி ஈன்ற மறுநாளே தாய் மீண்டும் சினைப்படக் கூடியது. சில மாதங்களில் கூடு நிரம்பிவிடும், பிள்ளையின் ஆசையும் தீர்ந்துவிடும். பின்னர், காட்டு முயல்களோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று தேயிலை மலையில் திறந்துவிடுகின்றார்கள். ஆனால் இரண்டும் ஒரே இனமல்ல. நம் மலைகளில் ஓடும் முயல் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றது. கூட்டு முயலோ ஐரோப்பிய இனத்தின் வழி வந்தது. உரோமமின்றிக் கண் மூடிப் பிறப்பது. கூட்டிலே வளர்ந்த அந்த வெள்ளை உடம்பைக் கீரியும் நாயும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம் வாழக்கூடிய உயிர் அது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1988ஆம் ஆண்டு 'ஹவுஸ் ரெபிட் சொசைட்டி' என்ற சங்கம் இப்படிக் கைவிடப்பட்ட முயல்களுக்காகவே தொடங்கப்பட்டது. அதன் தொண்டர்கள் முயல்களைத் தங்கள் வீடுகளிலேயே வைத்துப் பராமரித்து, நிரந்தரமாக வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைத்தார்கள். இலங்கையில் ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய 'எம்பார்க்' அமைப்பு தெருநாய்களுக்கும் குட்டிகளுக்கும் வளர்ப்பு வீடு தேடிக் கொடுத்து வந்துள்ளது.

கொழும்பில் நடப்பது லயத்தில் நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓர் அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் குடும்பத்திடம், நாட்சம்பளத்தில் வாழ்பவரிடம், பன்னிரண்டு வருடம் ஒரு நாயை வளர் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் நம் திருவிழா எப்படி நடக்கின்றது? பத்து நாள் செலவையும் ஒரு குடும்பம் தாங்குவதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருக்கின்றார். அவர் தம் நாளைக் குறைவின்றிச் செய்து, மறுநாளை அடுத்தவரிடம் கொடுக்கின்றார். தற்காலிக வளர்ப்பும் அவ்வாறான ஓர் உபயமே. ஆறு வாரம் குட்டியைத் தேற்றி, பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசி போடுவித்து, கேட்டு வருபவரின் வீட்டைப் பார்த்து ஒப்படைப்பது. ஒரு தோட்டத்தில் நான்கு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் போதும். பொறுப்புக்கு ஒரு முடிவு நாள் இருந்தால் ஏழையும் அதை ஏற்கத் துணிவார்.

கருத்தடை பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் உயிர் பிறவி எடுத்து வினையைக் கழிக்க வருவதை மனிதன் தடுக்கலாமா என்று சில பெரியோர் கேட்கின்றார்கள். சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல இது. ஆயினும் உரப்பையில் கட்டி விடப்பட்ட குட்டி எந்த வினையைக் கழிக்கின்றது என்று அவர்கள்தான் கூற வேண்டும். 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டத்தின்கீழ் தெருநாய்கள் நீண்டகாலம் பிடித்துக் கொல்லப்பட்டன. 2006இல் அரசு அதனை நிறுத்தித் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முன்னுரிமை கொடுத்தது. 1973ஆம் ஆண்டில் நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே வந்துள்ளது. ஊசி செய்த வேலையைத் துப்பாக்கி செய்யவில்லை.

பெட்டியில் வந்த குட்டிகளுக்கு வீடு கிடைத்தபின் எல்லோரும் நிம்மதியடைகின்றார்கள். தாய் நாயை எவரும் விசாரிப்பதில்லை. அது அதே லயத்து வாசலில்தான் படுத்திருக்கின்றது. வருடத்தில் இரு தடவை பருவத்துக்கு வரும்; சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். பெட்டி எந்த லயத்திலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்தே இருக்கும். அந்த வீட்டாரிடம் போய்ச் சண்டையிடாமல் பேசி, தாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வாகனத்துக்கு வழி செய்பவர் யார் என்பதே அடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டிய காரியம்.