கடன்பட்டு வாங்கிய வீடும் வாடகையின் நியாயமும்

ஒருவர் வங்கியிற் கடன்பெற்று வீடொன்றை வாங்குகின்றார்; ஆயின் அதில் அவர் குடியிருப்பதில்லை. அதனை வாடகைக்கு விட்டு, வரும் பணத்தைக் கடன் தவணைக்குச் செலுத்துகின்றார். இருபது ஆண்டுகளின் பின் கடன் தீர்ந்து உறுதி அவர் கைக்கு வருகின்றது. அவ்வீட்டுக்கு விலை கொடுத்தவர் யார்? பொருளியலுக்குரியதுபோலத் தோன்றினும் இஃது அறவியல் வினாவேயாகும்.

1 கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு, 30 இலட்சத்தைச் சேமிப்பிலிருந்தும் 70 இலட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாகவும் அவர் திரட்டினார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 77,000 ரூபா. வாடகை 50,000 ரூபா எனின் எஞ்சிய 27,000 ரூபாவை அவரே இட்டு நிரப்பவேண்டும். வாடகை ஒருபோதும் உயராவிடினும் குடியிருப்பவர் செலுத்திமுடிப்பது 1 கோடி 20 இலட்சம். சொந்தக்காரர் கையிலிருந்து சென்றதோ, முதலையும் சேர்த்து, ஏறத்தாழ 95 இலட்சம். முடிவில் ஒருவரிடம் வீடு இருக்கின்றது. மற்றவரிடம் பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன.

இதனை உடனே அநீதி எனத் தீர்த்துவிடலாகாது. குடியிருந்தவர் இருபது ஆண்டுகள் கூரையின்கீழ் வாழ்ந்துள்ளார். அவ்வனுபோகத்துக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை யாழ்ப்பாணத்து வழக்கும் ஏற்றிருந்தது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் இடம்பெறும் ஒற்றி முறையிலே, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக ஆதனத்தின் பயனை அனுபவிப்பார். முதல் திரும்பியதும் ஆதனம் உடையவரிடம் மீளும். ஆயின் ஒற்றியில் அனுபவிப்பவரே பணமுடையவர். அவர் கொடுத்த முதலும் அழிவதில்லை. வாடகையிற் கொடுத்தது மீள்வதில்லை.

சொந்தக்காரரின் உரிமைக்கு உழைப்பே ஆதாரம் என்பாரும் உளர். கூரை மாற்றுதல், மலகூடக் குழி திருத்துதல், சோலைவரி செலுத்துதல், ஆளின்றிக் கிடக்கும் மாதங்களின் நட்டத்தைத் தாங்குதல் ஆகியன மெய்யான சுமைகளே. (இவற்றைச் செய்யாதுவிடும் சொந்தக்காரருக்கு இவ்வாதம் உதவாது.) ஆதம் சிமித் 1776இல் வெளியிட்ட தமது நூலில் வீட்டு வாடகையைக் கட்டடத்துக்குரியது, நிலத்துக்குரியது என இரண்டாகப் பகுத்தார். முன்னையதைப் பராமரிப்பும் முதலீடும் நியாயப்படுத்தலாம். பின்னையதோ வீதியும் பாடசாலையும் வைத்தியசாலையும் அயலில் அமைந்ததால் உயர்வது. அவ்வுயர்வில் எவருடைய தனியுழைப்பும் இல்லை.

இலங்கையின் சட்டவாக்கம் இப்பிணக்கை நேரடியாகவே எதிர்கொண்டது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையை வரையறுத்து, வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தியது. 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே விலைக்கு வாங்க வழிசெய்தது. வாடகையை இறுக்கினால் திருத்தவேலை கைவிடப்படும் என்ற எதிர்வாதத்தில் உண்மையுண்டு. பழைய கட்டடங்கள் பல அதற்குச் சான்று. எனினும் நீண்டகாலம் வாழ்ந்தவருக்கும் அவ்வீட்டின்மேல் ஒரு கோரிக்கை உண்டு என்பதை 1973இன் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன் அறவியற் சிறப்பு இதுவே.

ஆயினும் வேறுபாட்டின் வேர் வாடகையில் இல்லை, கடன் பெறும் தகுதியிலேயே இருக்கின்றது. ஈடுவைக்க ஆதனமும் முற்பணமும் உடையவருக்கே வங்கியின் கதவு எளிதில் திறக்கின்றது. முதலீட்டாளர் தமது விண்ணப்பத்தில் எதிர்பார்க்கும் வாடகையை வருமானமாகக் காட்டுகின்றார். குடியிருப்பவர் தமக்கென ஒரு வீட்டுக்காக விண்ணப்பிக்கும்போது அதே 50,000 ரூபா அவரது செலவுப் பக்கத்தில் எழுதப்படுகின்றது.