பெருக்கமரமும் பிரஜாவுரிமையும்

ஒரு மண்ணுக்கு உரியவர் யார்? நமது நாட்டில் இக்கேள்வி தேர்தல் மேடைகளிலே எழுப்பப்படுகிறது; பாராளுமன்றத்திலே சட்டமாகிறது; சில வேளைகளில் துப்பாக்கி முனையிலே தீர்க்கப்படுகிறது. அமைதியாக இருந்து சிந்திக்கப்படுவதுதான் அரிது. பிறப்பே உரிமை தரும் என்பர் சிலர். நெடுங்கால வாசமே உரிமை என்பர் வேறு சிலர். உழைப்பே உரிமையின் ஊற்று என்பது நம்மவர் விடை. இம்மூன்று விடைகளையும் ஒரு மரத்தடியில் வைத்து எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். அம்மரம் மன்னார்த் தீவிலே, பள்ளிமுனையிலே நிற்கிறது.

மன்னார் மக்கள் அதனைப் பெருக்கமரம் என்பர். ஆனைப்புளி, பப்பரப்புளி என்ற பெயர்களும் தமிழில் உண்டு. அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். உயரமோ 8 மீட்டரை எட்டாது. பருமனில் யானையையும் வெல்லும் இம்மரம் உயரத்தில் நமது பனைக்குப் பக்கத்தில் ஒரு குள்ளன். இலையுதிர்ந்து நிற்கும்போது, யாரோ பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டுப் போனது போலிருக்கும். உள்ளே மென்மையான சோறு. மழை நாளில் நீரைத் தன்னுள் ஏற்றிவைத்துக் கொண்டு கோடையைக் கடக்கும் வித்தை அதற்குத் தெரியும். அதன் வெண்ணிறப் பெரும்பூ மாலையில் விரியும். விஞ்ஞானம் அதற்கிட்ட பெயர் அடன்சோனியா. செனகலில் அம்மரத்தைக் கண்டு ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் அடன்சனின் பெயரால் லின்னேயஸ் இட்டது அது. அதன் நிழலில் வாழ்ந்து, அதன் பழத்தைத் தின்று, அதன் பட்டையிலே கயிறு திரித்த ஆபிரிக்க மக்களின் பெயர் எதுவும் அதற்குச் சூட்டப்படவில்லை.

மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. மன்னாருக்கு அது எவ்வாறு வந்தது? அராபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்கு இலை வேண்டிக் கொண்டுவந்து நட்டனர் என்பது ஊர்க்கதை. இக்கதை எனக்குப் பிடித்தமானதுதான்; எனினும் அதில் ஒரு குறை இருக்கிறது. கதையில் வணிகன் இருக்கிறான், ஒட்டகம் இருக்கிறது, ஆபிரிக்கன் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்திலுள்ள இம்மரங்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இவை ஒரே தடவையில் வந்தவையல்ல என்று காட்டிற்று. ஆபிரிக்காவின் மேற்கிலிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் வெவ்வேறு காலங்களில் வந்திருக்கின்றன. அராபியக் கலங்களில் மட்டுமன்றிப் போர்த்துக்கேயர் முதலிய ஐரோப்பியரின் கலங்களிலும், அடிமைகளாகவும் போர்வீரராகவும் மாலுமிகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரோடும் சேர்ந்து இவ்விதைகள் கடல் கடந்திருக்கக்கூடும். விதையின் பயன் அறிந்தவன்தானே விதையை மடியில் முடிந்துகொள்வான்? வணிகனைப் பெயர் சொல்லி நினைக்கும் ஊர்நினைவு, சுமந்தவனை மறந்துவிடுகிறது. இது மன்னாருக்கு மட்டும் உரிய மறதியன்று.

இம்மரத்தை நான் நான்கு தடவை கண்டிருக்கிறேன். முதற் தடவை 1971ஆம் ஆண்டு, தந்தையாரோடும் தாயாரோடும் தங்கைமாரோடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதவாச்சியில் வண்டி மாறினோம். மாறிய வண்டியில் மலையகத்துக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. தகரப் பெட்டி, பாய்ச்சுருள், ஒரு கிழவியின் மடியில் அம்மிக் குழவி. எல்லோரும் தலைமன்னாருக்குச் செல்பவர்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். என் தங்கையின் வயதையொத்த சிறுமி ஒருத்தி ஜன்னலோரம் இடம் பிடிக்கப் போட்டியிட்டாள். “இவர்கள் எங்கே போகிறார்கள்?” என்று தங்கை கேட்டாள். “தங்கள் நாட்டுக்கு” என்றார் தந்தையார். அச்சிறுமி திரும்பிப் பார்த்து, “நான் ஹட்டன்” என்றாள். ஊரைக் கேட்டதாக நினைத்து விடை சொன்னாள் போலும். தந்தையார் பிறகு ஒன்றும் பேசவில்லை. மன்னாரில் இறங்கி, மரத்தைச் சுற்றிக் கை கோத்து நின்றோம். எங்கள் ஐவரின் கைகள் பாதி மரத்துக்குக்கூடப் போதவில்லை. தாயார் கட்டிவந்த சோற்றுப் பொதியை மரத்தின் வேரிலிருந்து அவிழ்த்துத் தின்றோம். புளிச்சோறு.

அச்சிறுமியின் முன்னோர் வந்த வழியும் இதுவே. கோப்பிக் காலத்தில், இந்தக் கரையில் இறக்கப்பட்டு, காட்டுவழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலே விழுந்தவர் அநேகர். மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் எஞ்சியவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிடம் கேட்டது என்ன? நீ இங்கே பிறந்தாயா என்பதன்று. உன் தந்தை இங்கே பிறந்தார் என்பதற்கு, அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்பதற்குப் பத்திரம் உண்டா என்பது. பிறப்பு இயற்கையின் செயல், பத்திரம் அரசின் செயல். லயத்தறையிலே பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் எழுதிவைக்கத் துரைக்கு என்ன அவசரம்? ஆகவே பிறப்புரிமை என்று பேசுபவர் உண்மையில் பேசுவது காகிதத்தின் உரிமையை. பெருக்கமரத்திடமும் காகிதம் இல்லை.

நெடுங்கால வாசம் என்ற விடையையும் மன்னார் சோதித்துப் பார்த்துவிட்டது. எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் இத்தீவில் எத்தனை தலைமுறை வாழ்ந்தனர் என்று கணக்கிட வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். 1948ஐ அநீதி என்று மேடைதோறும் முழங்கிய சமூகத்தின் பெயராலேயே இது நடந்தது. காலத்தின் நீளம் ஒரு நாளேனும் காவலாக நிற்கவில்லை.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், அக்காலத்து ஆசிரிய நண்பரொருவர் புத்தளத்திலிருந்து வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர். பள்ளிமுனைக்குப் போவோம் என்று அவரே அழைத்தார். வாலிபத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அதே மரத்தடியில் கூடி, நாட்டு முதலாளி வர்க்கத்தின் தன்மை பற்றி இரவு பத்து மணிவரை வாதாடியவர்கள். (அவ்வாதம் முடிவு பெறவில்லை, வௌவால்களுக்குப் பயந்து கலைந்தோம்.) இம்முறை நண்பர் மரத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர், “இது அப்படியே நிற்கிறது. எங்கள் வளவுக் கிணறுதான் தூர்ந்துவிட்டது” என்றார். அவருடைய பிள்ளைகள் புத்தளத்திலே பிறந்தவர்கள். அவர்களுக்கு இக்கரை ஒரு சுற்றுலா. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

இனி உழைப்பு. நமக்கு மிக நெருக்கமான விடை இதுவே. ஆகையால் இதனையே மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். உழைத்தவனுக்கே மண் என்பது சுரண்டுபவனை நோக்கிச் சொல்லப்படும்போது நியாயம். அதே வாக்கியத்தை உழைப்பாளியை நோக்கித் திருப்பிப் பாருங்கள். உழைக்கும்வரை நீ இருக்கலாம் என்றாகிவிடும். தோட்டத்துரை இதைத்தான் சொன்னான். 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் மனிதரை எண்களாகவே பிரித்தது: 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1948இல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி அன்று அரசாங்கத்திலே பங்காளியாக இருந்தது என்பதை இடதுசாரிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது. அம்மிக் குழவியை மடியில் வைத்திருந்த கிழவி உழைத்து ஓய்ந்தவள். அச்சிறுமி இன்னும் உழைக்கத் தொடங்காதவள். உழைப்பே அளவுகோலானால் இருவருக்கும் எந்த மண்ணிலும் இடமில்லை. உழைப்பு உரிமைக்குச் சான்றாகலாம், விலையாகக் கூடாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். வந்தவரெல்லாம் உரியவர் என்றால், வேலிக்காத்தானும் உரியதோ? அந்நிய முட்செடியான அது நமது வறண்ட நிலங்களில் புகுந்து பரவி, வேறெதையும் முளைக்கவிடாமல் அடைத்துக்கொள்கிறதே! தடை நியாயமானது. ஆனால் வேலிக்காத்தானின் குற்றம் வந்ததல்ல, அடைத்துக்கொண்டது. பெருக்கமரமும் வந்ததுதான். கடலுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பாக்குநீரிணையின் அடித்தளத்தை வழித்துச் செல்வதை மன்னார் மீனவர் எதிர்க்கின்றனர், எதிர்க்கத்தான் வேண்டும். வலையின் செயலைப் பார்த்து, அதன் உரிமையாளனைப் பார்த்து எதிர்ப்பது ஒன்று. “இந்தியாக்காரன்” என்று படகில் நிற்கும் கூலியாளைப் பார்த்து எதிர்ப்பது வேறொன்று. 2017இல் நமது பாராளுமன்றம் இழுவை முறையையே தடைசெய்தது. அத்தடை உள்ளூர் இழுவைப் படகுகளுக்கும் உரியது.

மற்றுமொரு உண்மையையும் மறைக்கலாகாது. பெருக்கமரத்தை எவரும் வெளியேறச் சொல்லாததற்குக் காரணம் நமது பெருந்தன்மையல்ல. மரம் வாக்குக் கேட்பதில்லை, காணியுறுதி கேட்பதில்லை, கரையில் வள்ளம் இழுத்துவைக்க இடம் கேட்பதில்லை. கேளாதவனை ஏற்றுக்கொள்வது எளிது. அந்நியத் தன்மையை அழகென்று படம் பிடிக்கும் நாமே, அந்நியன் பங்கு கேட்கும்போது வரலாறு பேசத் தொடங்குகிறோம். பங்கு கேட்பவனோடு பேசி அளந்துகொள்ள ஒரு சமூகத்துக்குத் தெரியுமா என்பதிலேதான், என் கருத்தில், உரிமைக் கேள்வியின் உயிர் இருக்கிறது. பிறப்பும் காலமும் உழைப்பும் அப்பேச்சிலே வைக்கப்படும் வாதங்கள். பேச்சையே மூடிவிடும் தீர்ப்புகளல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத்தின் நாடற்றோர் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. அதன் பின்னும் லயத்துக் காணியின் கதை பேசித் தீர்க்கப்படவில்லை. போர் முடிந்து மன்னாருக்கு மீண்ட முஸ்லிம்களின் காணிகளும் அவ்வாறே.

அண்மையில் பேர்த்தியோடும் சில மாணவரோடும் நான்காம் தடவை சென்றேன். தீவின் தென்கரையில் காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன, 2020இல் தொடங்கப்பட்டவை. மேலும் காற்றாடிகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இருந்து போராடியதைப் பற்றி மாணவர் தமக்குள் விவாதித்தனர். பேர்த்தி உலர்ந்த பழமொன்றை உடைத்து, உள்ளிருந்த வெள்ளை மாவை நாவில் வைத்து முகம் சுளித்தாள். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மீனவரிடம் மாணவர் ஒருவர், “ஐயா, சோழகக் காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்தார் வந்து வாடி போடுகிறார்களாமே, நீங்கள் விடுவீர்களா?” என்று கேட்டார். “விடுறதென்ன, தம்பி, எத்தனை வள்ளம், எந்தக் கரை எண்டு வருஷாவருஷம் கதைக்கிறதுதான்” என்றார் அவர், ஊசியை நிறுத்தாமலே. “போன வருஷம் கதை சரிவரேல்லை. இந்த வருஷம் பெரிய கோவில் சாமியாரையும் மௌலவியையும் வரச்சொல்லியிருக்கிறம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.”