கேட்டவரும் கொண்டுவந்தவரும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் மூத்த மகனுடைய மடிக்கணினியில் ஒரு யுத்த விளையாட்டைப் பழகிக்கொண்டேன். நாற்பதைத் தாண்டிய வாத்தியாருக்கு இது தேவையா என்று பாடசாலையில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். புதிதாக ஒன்றைப் படித்துக்கொள்வது எப்படிப்பட்ட சிரமம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் இடைக்கிடை அனுபவித்துப் பார்ப்பது நல்லது.

விளையாட்டின் பெயர் 'ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன்'. அதன் நான்காவது பதிப்பை சுவீடன் நாட்டின் பரடொக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. 1936ஆம் ஆண்டின் உலகப்படம் திரையில் விரியும். ஒரு நாட்டைத் தெரிவுசெய்து இரண்டாம் உலக யுத்தத்தினூடாக அதை நடத்திச் செல்லவேண்டும். யுத்தம் என்றதும் வெடிச்சத்தமும் இரத்தமும் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், ஆட்டக்காரனின் பொழுதில் பெரும்பகுதி கணக்குப் பார்ப்பதிலேயே கழிகிறது. இருக்கின்ற இராணுவத் தொழிற்சாலைகளில் துவக்குக்கு எத்தனை, பீரங்கிக்கு எத்தனை, டாங்கிக்கு எத்தனை என்று பங்கிட வேண்டும். புதிதாகத் தொடங்கிய உற்பத்தி வரிசை மெதுவாகத்தான் சூடேறும். பாதியில் வேறொரு பொருளுக்கு மாற்றினால் பழகிய கையின் வேகம் போய்விடும். உருக்கு, அலுமினியம், இறப்பர், டங்ஸ்டன் என்று ஒவ்வொன்றாகக் குறையும். குறைவதை வெளியிலிருந்து வாங்கப் போனால் நமது சிவில் தொழிற்சாலைகள் சிலவற்றை விற்பவனுக்காக ஒதுக்கவேண்டும்.

"வாப்பா, துவக்கு மட்டும் செஞ்சாப் போதாது, லொறியும் வேணும்" என்பான் மகன். இரவு பன்னிரண்டு மணிக்கும் நான் லொறிக் கணக்கில் இருந்தேன். மறைப்பானேன், அதில் ஒரு இன்பம் இருந்தது. பாடசாலை நேரசூசியை ஒரு முட்டுக்கட்டையும் இல்லாமல் போட்டு முடித்த அன்று வருமே, அதே வகை இன்பம்.

நான் தெரிவுசெய்திருந்தது ஜேர்மனி. வரைபடத்தில் 1940 நடந்துகொண்டிருந்தது. போலந்து என் வசம் இருந்தது. துவக்குகள் போதவில்லை. பிடித்த நாட்டை எப்படி ஆள்வது என்று ஒரு பட்டியல் அந்த விளையாட்டில் உண்டு. உள்ளூர்ப் பொலிஸ், இரகசியப் பொலிஸ், இராணுவச் சட்டம், இன்னும் சில. அவற்றுள் ஒன்று 'கட்டாய உழைப்பு'. அதை அழுத்தினால் அந்த நாட்டின் தொழிற்சாலைகள் இன்னும் சில நம் கணக்கில் சேரும். மக்களின் எதிர்ப்பும் சற்றுக் கூடும். நான் அழுத்தினேன். துவக்கு வரிசையில் எண்ணிக்கை கூடியது. நிம்மதியாகப் படுக்கப் போனேன்.

மறுநாள் சுபஹு நேரம் அரைத்தூக்கத்தில்தான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

மகனிடம் சொன்னேன். "சும்மா விளையாட்டுத்தானே வாப்பா, செஸ்ஸில சிப்பாயப் பலி கொடுக்கிறல்லியா?" என்றான். அவன் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஒருவரும் சாகவில்லை; திரையில் இலக்கங்கள் மாறின, அவ்வளவே. ஆயினும், சதுரங்கச் சிப்பாய்க்கு ஊர் கிடையாது. இங்கோ வார்சோ என்று பெயர் எழுதியிருக்கிறது, ஆண்டும் எழுதியிருக்கிறது. மேலும், என்னை உறுத்தியது செயல் அல்ல. அந்தச் சொல்லை வாசித்த பிறகும் என் கண் அதன் பக்கத்திலிருந்த இலக்கத்துக்குத்தான் போயிற்று என்பதே என்னை உறுத்தியது.

இப்படியொரு மேசையில் உண்மையாகவே அமர்ந்திருந்த ஒரு மனிதர் உண்டு. அல்பேர்ட் ஸ்பியர், தொழிலால் கட்டடக் கலைஞர். 1942 பெப்ரவரியில் பிரிட்ஸ் டொட் விமான விபத்தில் இறந்தபின் ஹிட்லர் இவரை ஆயுத உற்பத்தி அமைச்சராக்கினார். நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருக்கையிலேயே 1944இன் நடுப்பகுதிவரை ஜேர்மனியின் ஆயுத உற்பத்தி ஏறத்தாழ மூன்று மடங்காகியது. இதை 'ஸ்பியரின் அற்புதம்' என்பார்கள். அந்த அற்புதத்தில் பாதி முன்னையவர்கள் போட்ட அத்திவாரம் என்றும், மீதியில் விளம்பரம் கலந்திருந்தது என்றும் அடம் டூஸ் என்ற வரலாற்றாசிரியர் 2006இல் எழுதிய நூலில் வாதிடுகிறார். அது எப்படியும் போகட்டும். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டுமே. ஜேர்மன் ஆண்கள் போர்முனையில். ஸ்பியர் ஆட்தொகையைக் கேட்பார். ஆட்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பு 1942 மார்ச்சில் நியமிக்கப்பட்ட பிரிட்ஸ் சௌக்கலுடையது. போலந்திலும் உக்ரைனிலும் பிரான்சிலும் மனிதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டு ரயிலில் ஏற்றப்பட்டார்கள். 1944 ஆகஸ்டில் வெளிநாட்டுத் தொழிலாளரும் யுத்தக் கைதிகளுமாக எழுபத்தாறு இலட்சம் பேர் ஜேர்மனியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

நூரெம்பேர்க் நீதிமன்றத்தில் இருவரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் இருந்தனர். 1946 ஒக்டோபர் 16ஆம் திகதி சௌக்கல் தூக்கிலிடப்பட்டார். ஸ்பியருக்குக் கிடைத்தது இருபது வருடச் சிறை. 1966இல் வெளியே வந்தார், 1969இல் நினைவுக் குறிப்புகளை எழுதினார், அந்நூல் உலகமெங்கும் விற்றது. ஆளைக் கொண்டுவந்தவருக்குக் கயிறு. இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டவருக்குப் புத்தகம். சௌக்கலுக்காக நான் பரிந்து பேசவில்லை. அவர் செய்ததை அவர் நன்றாக அறிந்தே செய்தார். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியாதது. நாகரிகமான பேச்சும், பொதுவான பொறுப்பை ஏற்கிறேன் என்று தலைகுனிந்த பாங்கும் ஸ்பியருக்குக் கைகொடுத்தன என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். அதற்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கேட்பது குற்றம் என்று நம் மனம் இலேசில் ஒப்புக்கொள்வதில்லை. கடையில் சாமான் கேட்பதுபோல்தான் அதுவும் தெரிகிறது.

ஸ்பியருக்குத் தெரியாதா என்றால், தெரியும். நோர்ட்ஹவுசனுக்கு அருகே மலையைக் குடைந்த சுரங்கங்களில் வி-2 ஏவுகணைகள் செய்யப்பட்டன. செய்தவர்கள் டோரா முகாமின் கைதிகள். அம்முகாமுக்கு வந்துசேர்ந்த ஏறத்தாழ அறுபதினாயிரம் பேரில் மூன்றில் ஒரு பங்கினர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஏவுகணை விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்து இறந்தவர்களே அதிகம். 1943 டிசம்பரில் ஸ்பியர் அந்தச் சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். யூதர்களைக் கொன்றொழிப்பதைப் பற்றி 1943 ஒக்டோபர் 6ஆம் திகதி போசன் நகரில் ஹிம்லர் வெளிப்படையாகப் பேசியபோது தாம் அங்கிருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவர் சாதித்தார். இருந்ததாக ஒப்புக்கொண்டு 1971இல் அவரே எழுதிய கடிதம் ஒன்று 2007இல் வெளிவந்தது. தெரியாமலிருப்பதற்கும் எவ்வளவு உழைக்கவேண்டியிருக்கிறது பாருங்கள்.

அப்படியானால் மனிதரை எண்ணிக்கையாக்குவதே பாவமா? ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு லெனின்கிராட் ஞாபகத்துக்கு வந்தது. முற்றுகையிடப்பட்ட அந்நகரில் 1941 நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பாண், சிறுபிள்ளைக்கும் அலுவலகத்தில் இருப்போருக்கும் வேலையற்றோருக்கும் 125 கிராம். யாரோ ஒருவர் மேசையில் இருந்து, மாவை நாளால் வகுத்து, வாயால் வகுத்து இந்த இலக்கங்களை எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு 125 என்று எழுதுகின்ற கை எப்படிப்பட்ட கையாக இருக்கும்! ஆனாலும் அது எழுதப்படாமல் இருந்திருக்க முடியாது. எழுதாவிட்டால் வலுத்தவன் தின்பான், மற்றவன் சாவான். அதே ஆண்டில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றி கிழக்கே கொண்டுபோனதும் கணக்குத்தான். அந்தக் கணக்கு இல்லாமல் ஹிட்லரைத் தோற்கடித்திருக்க முடியாது. அங்கேயும் கொடுமை இருந்தது. வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இருந்தது. ஆக, எண்ணுவதை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. அந்த 125 கிராமுக்குப் பின்னால் ஒரு பிள்ளை பசியோடு இருக்கிறது என்பதை அதை எழுதியவர் மறந்திருக்க வழியில்லை. அவருடைய வேலையே அந்தப் பசியைப் பங்கிடுவதுதான். ஸ்பியரின் தாளில் 'இத்தனை ஆயிரம் பேர்' என்றிருந்த இடத்தில் பசி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாதி இன்னொருவரின் மேசைக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

இதை எழுதும்போதுதான் விளையாட்டில் ஒன்றைக் கவனித்தேன். உருக்கு இருக்கிறது, இறப்பர் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. அரிசியோ கோதுமையோ கிடையாது. 'நுகர்வுப் பொருட்கள்' என்ற பெயரில் சில தொழிற்சாலைகளை மக்களுக்காக ஒதுக்கவேண்டும். யுத்தப் பொருளாதாரத்துக்கு மாற மாற அந்த வீதத்தைக் குறைத்துக்கொண்டு போகலாம். குறைத்தால் யாரும் மெலிவதில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் சட்டங்களும் அப்படியே: சனத்தொகையில் சிறு வீதத்தில் தொடங்கி இருபத்தைந்து வீதம்வரை போகலாம். கடைசிச் சட்டத்தின் பெயர், பானையின் அடியைச் சுரண்டுவது என்ற பொருளில் இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இறப்பர் என்றதும் இன்னொன்று. 1942இல் மலாயாவை ஜப்பான் பிடித்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுக்கும் முக்கிய இடமாக இலங்கை மாறியது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று தோட்டங்களில் மிதமிஞ்சிப் பால் வெட்டினார்கள். அதே வருடம் பர்மாவும் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது, கூப்பன் வந்தது. என் உம்மம்மா அப்போது சிறுமி. கூப்பன் காலத்துக் கதைகளை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்; இறப்பரைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டும் லண்டனில் யாரோ ஒருவருடைய கோப்பில் பக்கத்துப் பக்கத்துத் தாள்களாக இருந்திருக்கக்கூடும்.

விடுமுறை முடியுமுன் மீண்டும் ஆட்டத்தைத் திறந்து, போலந்தில் கட்டாய உழைப்பை எடுத்துவிட்டு உள்ளூர்ப் பொலிஸ் என்று மாற்றினேன். மகன் சிரித்தான். "தோக்கப் போறீங்க வாப்பா" என்றான். துவக்கு வரிசையில் எண்ணிக்கை இறங்கியது. கிழக்கு முனையில் யுத்தம் தொடங்கி இரண்டு மாதத்தில் படைகளுக்குத் துவக்குப் போதவில்லை என்று செந்நிறக் குறி வந்தது. அந்தப் பட்டியலை மறுபடி திறந்தேன். மகன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் எதை அழுத்துவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.