உடைமையும் அறியும் உரிமையும்

பொருளொன்றை விலைகொடுத்து வாங்கியவன் அப்பொருளில் எதற்கெல்லாம் உரியவனாகின்றான்? நிலத்தை வாங்கியவன் அதனைத் தோண்டிப் பார்க்கலாம். மணிக்கூட்டை வாங்கியவன் அதன் முதுகைத் திறந்து பற்சில்லுகளை எண்ணலாம். தையற்பொறி வைத்திருந்த நம் பாட்டிமார் அதன் ஊசி முதல் மிதிபலகை வரை அறிந்திருந்தனர். இன்று நாம் வாங்கும் பொருள்கள் பலவற்றிலோ நமக்குக் கிடைப்பது பயன் மாத்திரமே. அப்பயன் எவ்வாறு விளைகின்றது என்னும் அறிவு விற்றவரிடமே தங்கிவிடுகின்றது. இவ்வாறு அறிவை வேறாக்கி வைத்துக்கொண்டு பொருளை மட்டும் விற்பது அறமாகுமா? அம்மறைப்பைத் தவறெனக் கருதும் ஒருவன் அப்பொருளைப் பயன்படுத்துவது தகுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை எனக்கு விரிவுரை மண்டபத்தில் எழுந்தவையல்ல. வெள்ளவத்தையில் ஒரு மாடியறையிலே, நண்பரொருவரின் பழைய மடிக்கணினியின் முன்னே எழுந்தவை.

நண்பர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். பார்வைக் குறைபாடு உடையவர். திரையில் உள்ளதை வாசித்துக் கூறும் மென்பொருளின் துணைகொண்டே பாடங்களைக் கற்பவர். 2022ஆம் ஆண்டிலே, நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்து, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில வாரங்களுள் 360 ரூபாவை எட்டிய காலத்திலே, புதிய கணினி என்பது மாணவர் பலருக்கு எட்டாக் கனியாயிற்று. ஆதலால் அவருடைய தந்தையார் பாவித்த கணினியொன்றையே வாங்கிக் கொடுத்திருந்தார். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்போ அப்பழைய கணினியை ஏற்கவில்லை. எனவே லினக்ஸை நிறுவித் தருமாறு அவர் என்னிடம் கேட்டார், நிறுவினேன். ஓர்கா என்னும் திரைவாசிப்பான் பேசிற்று, தமிழையும் வாசித்தது. ஒன்று மட்டும் நிகழவில்லை. கணினியினுள்ளேயே அமைந்திருந்த புளூடூத் இயங்க மறுத்தது. கம்பியுள்ள ஹெட்போனைச் செருகும் துளையோ முன்னரே உடைந்திருந்தது. புளூடூத் இல்லையேல் நூலகத்தில் அமர்ந்து அவர் எதனையும் கேட்க இயலாது. ஒலிபெருக்கியில் கேட்பின் அயலில் இருப்போர்க்கு இடையூறு. பரீட்சைக்கு மூன்று வாரங்களே இருந்தன.

பிழையைத் தேடுதலும் ஒருவகை மெய்யியற் பயிற்சியே என்பதை அன்று உணர்ந்தேன். அறிவு பெறும் வழிகளை அளவைகள் என வகுத்த சிவஞான சித்தியார், ஒழிபு என்பதனையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டு, அளவைகள் யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் எனக் கூறுகின்றது. இருத்தற்கியன்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சி நிற்பதனைத் துணிவதே ஒழிபு. நாமும் அவ்வாறே சென்றோம். முதலிலே வானலை தடுக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தோம். இத்தடை இருவகைப்படும்: கட்டளையால் நீங்கும் மென்தடை ஒன்று, ஆழியாலோ விசைப்பலகையிலுள்ள பொத்தானாலோ நீங்கும் வன்தடை மற்றொன்று. இரண்டும் இல்லை. அடுத்து, புளூடூத்துக்கான சேவை இயங்குகின்றதா எனப் பார்த்தோம், இயங்கிற்று. பின்னர், சில்லினைக் கணினி காண்கின்றதா எனப் பார்த்தோம், கண்டது. ஆயினும் அருகே கிடந்த ஹெட்போனை அது அறியவில்லை. இறுதியில் லினக்ஸின் கரு எழுதிவைக்கும் குறிப்பேட்டை வாசித்தோம். சில்லினுள் ஏற்றப்பட வேண்டிய நிலைப்பொருட் கோப்பொன்று காணப்படவில்லை என்று ஒரே வரியில் அது கூறிற்று.

இக்கோப்பின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். புளூடூத் சில்லு வெறும் கம்பியும் உலோகமும் அன்று. அதுவே ஒரு சிறு கணினி. 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பகுத்து, ஒரு செக்கனில் 1600 தடவை தடம் மாறித் தாவும் திறனுடையது மரபான புளூடூத். இத்தாவலை ஆளும் நிரல் சில சில்லுகளில் உள்ளேயே நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அந்நிரலோ அதற்கான திருத்தமோ, மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஏற்றப்படல் வேண்டும். நண்பரின் சில்லு இரண்டாம் வகையினது. அதற்குரிய கோப்பைச் சில்லைச் செய்த நிறுவனம் விண்டோஸுக்கான தன் பொதியினுள் வைத்திருந்தது. லினக்ஸுடன் சேர்த்துப் பிறர் வழங்குவதற்கு அனுமதி அளிக்கவில்லை. அதன் மூலநிரலையும் எவர்க்கும் காட்டவில்லை. விலை முழுவதையும் கொடுத்து வாங்கிய பொருளில் ஓர் உறுப்பு, வாங்கியவர் வேறோர் இயங்குதளத்தைத் தெரிந்துகொண்டார் என்ற ஒரே காரணத்தால் ஊமையாயிற்று.

இத்தகைய மறைப்பை எதிர்த்தே ஓர் இயக்கம் தோன்றியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ரிச்சட் ஸ்ரோல்மன், ஆய்வுகூடத்து அச்சுப்பொறியின் குறையைத் திருத்த அதன் மூலநிரலைத் தேடினார். அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவர், வெளியிடுவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். அம்மறுப்பு அவர் சிந்தனையை ஆழமாகப் பாதித்தது. 1983இல் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் தம் 21ஆவது வயதில் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இவ்வியக்கம் நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்வதற்கென இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகன என்னும் மென்பொருளும் கட்டற்ற மென்பொருளே. நிவாரணம் என்பதே அச்சிங்களச் சொல்லின் பொருள். அது திறந்ததாக இருந்தமையாலேயே 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது அங்கும் பயன்பட முடிந்தது.

ஆயினும், எதிர்வாதத்தைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் நேர்மையன்று. உற்பத்தியாளர் பக்கத்தில் இரு நியாயங்கள் உள. ஒன்று, நிரலும் உழைப்பின் விளைவே. அதனைப் போட்டியாளர்க்குக் காட்டும் கடமை உழைத்தவர்க்கு இல்லை. மற்றொன்று, வானலை பொதுச்சொத்து. ஒலிபரப்பும் வலுவை எவரும் விருப்பம்போல் மாற்ற இடமளிப்பின் அயலவரின் சாதனங்கள் பாதிப்புறும். இவற்றை எளிதில் ஒதுக்க முடியாது. எனினும், முதலாவது நியாயம் மூலநிரலை மறைப்பதற்குப் பொருந்துமேயன்றி, ஆக்கி முடித்த கோப்பைப் பகிர்வதைத் தடுப்பதற்குப் பொருந்தாது. அக்கோப்பினால் பயன் பெறுபவர் அச்சில்லினை ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கியவரே. இரண்டாவது நியாயமும் மாற்றுவதைத் தடுக்குமேயன்றி, வாசிப்பதைத் தடுக்காது.

இன்னொரு தடையும் எழுப்பப்படலாம். ‘கலைப்பீட மாணவனாகிய உனக்கு மூலநிரல் திறந்திருந்து என்ன பயன்? அதில் ஒரு வரியேனும் உனக்கு விளங்குமா?’ என்று கேட்கலாம். விளங்காது என்பதே உண்மை. ஆனால், நீதிமன்றக் கதவு திறந்திருப்பது எல்லாரும் வழக்கைக் கேட்கின்றனர் என்பதற்காகவா? கேட்கவல்ல ஒருவர் எப்போதும் கேட்கலாம் என்னும் நிலையே கேளாதவர்க்கும் காவலாகின்றது. முன்னர்க் குறிப்பிட்ட மூவகை அளவைகளின்படி நோக்கினால், மூடிய நிரலைப் பற்றி நமக்குக் கிடைப்பது உரை ஒன்றே. உரையை நம்புவதில் இழுக்கில்லை. வைத்தியரை நம்புகிறோம், வரைபடத்தை நம்புகிறோம். ஆனால், அவ்வுரையைக் காட்சியாலோ கருதலாலோ வேறொருவர் சோதிக்க இயலும் என்னும் நிலையில் நிற்பதே அறிவுடைய நம்பிக்கை. சோதனைக்குரிய வாயில் அனைத்தையும் அடைத்துவிட்டு ‘என்னை நம்பு’ என்பவர் நம் அறிவை மதிக்கவில்லை. மறைப்பில் உள்ள குற்றம் இதுவே என்பது என் துணிபு.

முதலாம் வினாவுக்கு இவ்வாறு விடை கண்டபின், இரண்டாம் வினா என்னை வருத்தத் தொடங்கிற்று. அக்கோப்பை எங்கே பெறலாம் என்பதை முதல் நாளே அறிந்துகொண்டேன். நிறுவனம் எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வைத்திருந்த பொதியிலிருந்து அதனைப் பிரித்து, லினக்ஸ் ஏற்கும் வடிவுக்கு மாற்றலாம். ஆயினும் நான் செய்யவில்லை. மூடிய நிரலை ஏற்பதில்லை என்ற கொள்கையொன்று என்னிடம் இருந்தது. அதனை நண்பரின் கணினியிலும் காப்பாற்ற எண்ணினேன். வேறு வழி தேடுவதாகச் சொல்லி மூன்று நாள்களைக் கழித்தேன். மூன்றாம் நாள் மாலை அவர் சொன்னார்: “மச்சான், உன்ரை கொள்கையை நீ வைச்சிரு. எனக்கு நாளைக்குப் பாடம் கேக்க வேணும்.”

அவ்வார்த்தையில் கோபம் இருக்கவில்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது. விரதம் இருப்பவன் தன் பசியைத் தாங்கலாம். அயலவனின் பானையைக் கவிழ்த்துவிட்டு விரதம் என்று கூறலாகாது. கொள்கைக்கு விலை உண்டு. அவ்விலையைக் கொள்கையாளனே செலுத்தும்போது அது துறவாகின்றது. பிறர் செலுத்தும்போது அது கொடுமையாகின்றது. நான் இழந்தது ஒன்றுமில்லை. என் கண்கள் நலமாக இருந்தன. என் கணினியின் துளையும் உடைந்திருக்கவில்லை.

அன்றியும், என் தூய்மை எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கோப்பெதுவும் கேளாது இயங்கும் சிறு புளூடூத் இணைப்பியொன்றைக் கடையில் வாங்கிப் பொருத்தலாம் என்பதே நான் தேடிய மாற்றுவழி. ஆனால், அதனுள்ளும் மூடிய நிரல் உண்டு. சில்லினுள்ளே நிரந்தரமாக எழுதப்பட்டிருப்பதால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே வேறுபாடு. கண்ணுக்குத் தெரியும் மறைப்பை வெறுத்து, தெரியாத மறைப்பைப் பணம் கொடுத்து வாங்குவது எவ்வகை அறம்? நான் காத்தது கொள்கையையன்று. கொள்கையுடையவன் என்ற என் மனநிறைவையே காத்தேன்.

இதே இக்கட்டை என்னினும் பெரியோர் எதிர்கொண்டனர். 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டத்தினர், தமது இயங்குதளம் முற்றிலும் கட்டற்றதாகவே இருக்கும் எனத் தமது சமூக ஒப்பந்தத்தின் வாயிலாக 1997இல் உறுதி கூறினர். காலப்போக்கில், மூடிய நிலைப்பொருளின்றி வலையிணைப்புத் தானும் இயங்காத கணினிகள் பெருகின. புதியவர் பலர் நிறுவும் நிலையிலேயே தடைப்பட்டனர். ஈற்றில் 2022இல் அவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய நிலைப்பொருளை நிறுவற் பொதியில் சேர்க்க முடிவுசெய்தனர்; 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. இங்குக் கவனித்தற்குரியது அவர்கள் விட்டுக்கொடுத்தது மட்டுமன்று, விட்டுக்கொடுத்த முறையுமாகும். மூடிய நிரல் தமது அமைப்பின் பகுதியன்று எனத் தனியே வகைப்படுத்தினர். எக்கோப்பு ஏற்றப்பட்டது என்பதைப் பயனாளர்க்கு அறிவிக்கவும், வேண்டாதார் அதனை விலக்கவும் வழி செய்தனர். தேவைக்கு இடங்கொடுத்தனர், தேவையை நியாயமென்று பெயரிடவில்லை.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம் எனக் கருதுகிறேன். அநீதியான ஏற்பாடொன்றின் நடுவே வாழ்பவன், பிறர் தேவையின் பொருட்டு அவ்வேற்பாட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்று கடமைகள் அவனுக்கு உண்டு. தான் பயன்படுத்துவதை மறைக்காதிருத்தல் ஒன்று. அதனால் அவ்வேற்பாடு நல்லதென்று மனத்தைத் தேற்றிக்கொள்ளாதிருத்தல் மற்றொன்று. அதனை மாற்றுவதற்குத் தன்னால் இயன்ற சிறு செயலையேனும் செய்தல் மூன்றாவது. இம்மூன்றும் இன்றேல் விட்டுக்கொடுத்தல் சோம்பலாகிவிடும்.

அன்றிரவே கோப்பைப் பிரித்தெடுத்தேன். நிறுவனம் வெளியிட்ட பொதியிலிருந்து, அந்நிறுவனம் செய்த சில்லுக்காகவே எடுத்தோம், வேறெவருக்கும் வழங்கவில்லை. உரிய இடத்தில் வைத்து, கணினியை முழுமையாக நிறுத்தி மீண்டும் இயக்கினோம். வெறுமனே மீளத்தொடக்கினால் சில்லு பழைய நிலையிலேயே நின்றுவிடுதல் உண்டு. சில நொடிகளில் ஹெட்போனின் பெயர் பட்டியலில் தோன்றிற்று. நண்பர் அதனை அணிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், வாசிக்கும் வேகத்தைக் கூட்டித் தருமாறு கேட்டார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூலநிரலைக் கேட்கவில்லை, கோப்பை லினக்ஸுடன் வழங்க அனுமதிக்குமாறு மட்டும் கேட்டோம். கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பரீட்சை முடியும்வரை நாள்தோறும் அவர், 1942இல் தோற்றுவிக்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை நூலகத்திலே அமர்ந்து படித்தார். அடுத்த இருக்கையில் இருந்தவர்க்கு எந்த ஓசையும் கேட்கவில்லை. விடுமுறை முடிந்ததும் இரண்டாவது கடிதத்தை எழுதவிருக்கிறோம்.