எந்த விதி?

ஹேவாஹெட்ட ரோட்டோரம் தெரிந்த அண்ணன் ஒருவர் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். பெக்கோ வந்து மேட்டைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போயிருந்தது. பத்தடிச் சிவப்பு மண். அதன் மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

"அண்ணே, மேலருந்து வர்ற மழைத்தண்ணி எங்க போகும்?"

"அது போயிரும் தம்பி. வாசல் கிழக்கப் பார்த்து வச்சாச்சு."

கண்டி கிண்ணம் போன்ற ஊர். நடுவில் நிலம் தீர்ந்ததால் மேட்டில் ஏறுகிறது, தலாத்துஓயா தாண்டி இந்தப் பக்கமும் வருகிறது. வரட்டும். தலைமுறை தலைமுறையாக லயத்து அறையில் முடங்கியவர்கள் சொந்தச் சுவர் எழுப்பினால் யார் தடுக்க முடியும்? ஆனால் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. அது நமக்கு வெறும் கடதாசி. சாத்திரக்காரர் எழுதித்தந்த கடதாசிக்கோ நாலு மூலையிலும் மஞ்சள்.

மண் இறங்கிய பிறகு மற்ற விதியைக் கூப்பிடுகிறோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பே கடிதம் போட்டுவிட்டு வரும் தலையெழுத்தும் உண்டா? நாம் விதியென்று ஒப்பாரி வைத்தால், அந்தச் சனங்களை இடம் மாற்றாமல் விட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மலைகளைப் பிளந்துபோட்ட பிறகும் அதே ஒப்பாரிதான்.

மேட்டுத் தண்ணீரை எப்படி இறக்குவதென்று நமக்குத் தெரியாதா? பக்கத்து லூல்கந்துரயில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்குப் பின் இந்த மலைகளெங்கும் குறுக்கே கான் வெட்டி, மழையை அடக்கி இறக்கியது நம் பாட்டன்மாரின் மண்வெட்டி. துரையின் செடி அடித்துப்போகாமல் காத்த கை, தன் பிள்ளை படுக்கும் சுவருக்குப் பின்னால் ஒரு கான் வெட்டவில்லை. சுவரில் சாமிப்படம் மாட்டியிருக்கிறது.

ஒரு நாள் மழை 150 மில்லிமீட்டரைத் தொட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேரான ஒரு தகரப்பேணியும் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டமும் போதும். பால்மாப் பேணியொன்றைக் கழுவி அண்ணனிடம் கொடுத்து, முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது முற்றத்தில்தான் இருந்தது. துளசி நட்டிருந்தார்.