பாடகர் குழாத்தில் யாருக்கு இடம்?



நாற்பது வருடங்களாகக் கோவிலில் பாடிவந்த ஒருவரின் குரல் தளர்ந்துவிடுகிறது. சுருதி விலகுகிறது, மூச்சு போதவில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் இதை அறிவார்கள், அவரும் அறிவார். அவரைத் தொடர்ந்து பாட விடுவதா, நிறுத்துவதா? நீண்டகாலம் நிலைத்துவரும் எந்தப் பாடகர் குழாமும் இந்தக் கேள்விக்கு முகம்கொடுத்தே ஆகவேண்டும். பாட்டுக்குச் செய்யவேண்டிய நீதி ஒரு பக்கம். பாடியவருக்குக் காட்டவேண்டிய அன்பு மறுபக்கம்.

விடை தேடுமுன், பாடகர் குழாங்கள் முற்காலத்தில் யாரை, என்ன காரணத்துக்காக விலக்கின என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஹடர்ஸ்பீல்ட் என்னும் நெசவாலை நகரம் உண்டு. 1836ஆம் ஆண்டில் ஊரவர் சிலர் அங்கே ஒரு விடுதியில் கூடிப் பாடகர் சங்கமொன்றை நிறுவினர். மாதந்தோறும் பூரணையன்று, அல்லது அதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமையில் கூடவேண்டுமென விதி செய்தனர். நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் அல்லவா? அந்தச் சங்கம் இன்றும் பாடுகிறது. நத்தார் காலத்தில் அது பாடும் ஹண்டெலின் 'மெசையா' உலகப் புகழ் பெற்றது.

ஆனால் அதே சங்கம் 1842இல் இன்னொரு விதியும் செய்தது. ரொபேட் ஓவனின் சமதர்மக் கொள்கையினர் கூடிய மண்டபத்துக்குப் போகிறவர் எவரும் அங்கத்தவராக இருக்கலாகாது. அத்தகையோருக்கு இசைப் பிரதிகளை இரவலாகக்கூடக் கொடுக்கலாகாது. நல்ல குரல் இருந்தும் கொள்கைக்காகக் கதவு அடைக்கப்பட்டது.

நமது திருச்சபையின் வரலாற்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1903இல் பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் திருஇசை பற்றி விடுத்த ஆணையில், பாடகர் பணி வழிபாட்டுப் பணியாகையால் பெண்கள் அதில் சேரலாகாது என்றும், உயர்ந்த குரல்களுக்குச் சிறுவரைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறினார். 1955இல் 12ஆம் பத்திநாதர் சில நிபந்தனைகளோடு இதைத் தளர்த்தினார். 1967இல் வெளிவந்த திருஇசை பற்றிய போதனை ஏடு, ஆண்களும் பெண்களும் சேர்ந்தோ, பெண்கள் மட்டுமோ குழாமாக அமையலாம் என்று ஏற்றுக்கொண்டது. இன்று நம் பங்குகளில் பெண்கள் இல்லாத பாடகர் குழாத்தை எண்ணிப் பார்க்கவும் முடியுமா?

இவ்விரு விலக்குகளுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. காரணம் பாட்டிலிருந்து பிறக்கவில்லை, வெளியிலிருந்து வந்தது. ஆகவே காலம் அவற்றைக் கழித்துவிட்டது. தளர்ந்த குரலின் காரியம் வேறு. இங்கே காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாடகர் குழாம் சுருதி தவறினால் அதைப் பின்பற்றிப் பாடும் சபையும் தடுமாறும். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று எல்லோருடைய செபத்தையும் குழப்புவது அன்பாகாது.

அப்படியானால் அவரை அனுப்பிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அவர் குழாத்துக்குக் கொடுத்தது குரலை மட்டுமா? தவக்காலத்தில் நம் ஊர்களில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கத்தை நினைத்துப் பாருங்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இம்மண்ணிலேயே மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது அது. சொற்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ராகம் செவிவழி வந்தது. எந்த அடியை எங்கே இழுப்பது, எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் மூத்தவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. யுத்த காலத்தில், 1995இன் பெரும் இடப்பெயர்விலும் அதற்கு முன்னும் பின்னும், எத்தனையோ குடும்பங்கள் சிதறின. புத்தகத்தை மீண்டும் அச்சிடலாம். மூத்தவரோடு மறையும் ராகத்தை எங்கே போய்த் தேடுவோம்? நடுங்கும் குரலாலும் இளையவருக்கு அதைக் கற்பிக்க முடியும்.

ஆகையால் வழி இதுவே எனத் தோன்றுகிறது. முன்வரிசையில் அவர் பாடாதிருக்கலாம். பயிற்சியில் அவருக்கு ஆசனம் இருக்கவேண்டும். அதை அவரிடம் நேரே, மரியாதையாக, தனிமையில் சொல்ல வேண்டும். சொல்லாமல் பெயரை விட்டுவிடுவதும், பயிற்சி நேரத்தை அறிவிக்காதிருப்பதும் கோழைத்தனம். அது நாற்பது வருட உழைப்புக்கு நாம் இழைக்கும் அநீதி.

மூத்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தாம் குறைந்து மற்றவர் வளர இடம்விட்ட திருமுழுக்கு யோவானை நினைவில் கொள்ளுங்கள். பிறர் கேட்குமுன் தாமாக இடம்விடுவதும் ஒரு காணிக்கையே. பாடகர் குழாத்தை விட்டு இறங்குகிறவர் பாட்டை விட்டு இறங்குவதில்லை. 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், குழாங்களை வளர்க்கச் சொல்லும் இடத்திலேயே விசுவாசிகள் அனைவரும் பாட்டில் பங்குபெற வேண்டுமென்றும் சொல்கிறது. அங்கே குரற்சோதனை கிடையாது.

இளம் பாடகர்களே, உங்கள் குரலும் ஒருநாள் தளரும். 1836இல் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பியவர்களில் ஒருவரும் இன்றில்லை. அவர்கள் தொடங்கிய பாட்டு இருக்கிறது. ஒவ்வொருவரும் போகுமுன் தமக்குப் பின்வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தனர். பின்வந்தவரும் கேட்டுக் கற்றனர். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது, வீட்டிலிருக்கும் ஒரு மூத்தவரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.